அறுந்த நூலுக்கு நிற்கும் தறி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியரின் உழைப்பையும் ஒழுங்கையும் கலைத்திறனையும் போற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் சொல்லப்பட்ட நற்குணங்களை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. ஐச்சி மாகாணத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், அவற்றில் பலவற்றை நேரில் கண்டு, சிலவற்றைக் கற்றுக்கொண்டும் வந்தவன் நான். ஆயினும் அந்த நற்குணங்களுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி கட்டுரையில் ஓரிடத்திலும் எழாதது என்னை உறுத்தியது. தங்கள் வாசகர்களில் பலர் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

ஜப்பானியப் பணிப் பண்பாட்டின் நிறைகளை ஒரு தட்டிலும் குறைகளை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கும் வழக்கம் இந்த விஷயத்தில் உதவாது என்பது என் எண்ணம். இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. எடுத்த வேலையை அரைகுறையாக விட்டுச் செல்ல மனம் ஒப்பாத தொழிலாளியின் இயல்புதான் அந்த வேர். அந்த இயல்பை மதித்து, ‘இங்கே ஏதோ சரியில்லை, நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமையையும் தொழிலாளியின் கையில் கொடுத்த இடங்களில் ஜப்பான் உலகத்துக்கே ஆசானாக விளங்கியது. உரிமையைக் கொடுக்காமல் இயல்பை மட்டும் எடுத்துக்கொண்ட இடங்களில் மனித உயிர்கள் போயிருக்கின்றன.

இந்தக் கதை ஒரு தறியிலிருந்து தொடங்குகிறது. இன்றைய ஷிஸுவோகா மாகாணத்தில் 1867-இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த சகிச்சி டொயோடா, வாழ்நாள் முழுவதும் தறிகளைத் திருத்துவதிலேயே கழித்தவர். நூல் அறுந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும் தறி, முழம் முழமாகக் கழிவுத் துணியைத்தான் நெய்யும். அதனால் ஒருவர் எப்போதும் அதன் அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நூல் அறுந்த கணத்தில் தானாக நின்றுவிடும் தறியை அவர் உருவாக்கினார். அந்த எண்ணம் 1924-இல் வந்த ஜி வகைத் தானியங்கித் தறியில் முழுமை பெற்றது. அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929-இல் 1,00,000 பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அவருடைய மகன் கீச்சிரோ தொடங்கிய டொயோட்டா கார் நிறுவனத்திலும் அதே எண்ணம் வேறு உருவத்தில் நுழைந்தது. பொருத்தும் வரிசை நெடுகிலும் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். திருகாணி சரியாக முடுக்கப்படவில்லை என்று ஐயம் எழுந்தால், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட அந்தக் கயிற்றை இழுக்கலாம். ஆன்டோன் என்னும் விளக்குப் பலகை எரியும். குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த இடத்தை வண்டி அடைவதற்குள் சிக்கல் தீரவில்லை என்றால் வரிசை முழுவதும் நின்றுவிடும்.

எங்கள் தொழிற்சாலையில் முதன்முதலில் அந்தக் கயிற்றை நான் இழுத்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அளவுமானியை நான் தவறாகப் படித்திருந்தேன். உதிரிபாகத்தில் குறை எதுவும் இல்லை. திட்டு விழப்போகிறது என்று நடுங்கி நின்றபோது, எனக்குப் பயிற்சியளித்த மூத்த தொழிலாளி தலை குனிந்து எனக்கு நன்றி சொன்னார். பிறகு, அந்த அளவுமானியைத் தவறாகப் படிக்க இடம் இருப்பது ஏன் என்று கேட்டார். நான் சொன்ன விடைக்கு மேல் மீண்டும் ஏன், அதற்கு மேலும் ஏன் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் அளவுமானி மாட்டியிருந்த கோணமும் அதன்மேல் விழும் விளக்கு வெளிச்சமும் காரணம் என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். மறுநாள் காலை அது வேறு கோணத்தில் மாட்டப்பட்டிருந்தது. ஆளைக் குற்றம் சொல்லாமல் வேலை நடக்கும் முறையைத் திருத்துவது என்றால் என்ன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. தங்கள் கட்டுரை புகழும் ‘கைசென்’ என்னும் இடைவிடாத மேம்பாடு இதுதான்; அது புகழத்தக்கதே.

அதே மூத்த தொழிலாளி மாலை ஏழு மணிக்கு நேர அட்டையில் முத்திரை குத்திவிட்டு, மறுபடி தம் மேசைக்கே திரும்பி வந்து உட்காருவார். பதிவேட்டில் அவர் வீட்டுக்குப் போய்விட்டவர். உண்மையில் ஒன்பதரை வரை அங்கேதான் இருப்பார். ஊதியம் இல்லாத இந்தக் கூடுதல் உழைப்புக்கு ஜப்பானில் ‘சாபிசு சாங்க்யோ’ என்று பெயர். ‘சேவையாகச் செய்யும் ஓவர்டைம்’ என்று பொருள். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று ஒரு நாள் கேட்டேன். ‘இல்லை, நான் போய்விட்டால் மற்றவர்களுக்கு மெய்வாகு’ என்றார். பிறருக்குத் தொல்லையாக இருந்துவிடக் கூடாது என்ற அந்த ஒற்றைச் சொல் அங்கே ஒரு மேலாளர் செய்யவேண்டிய கட்டாயத்தைவிட வலுவாக வேலை செய்கிறது. வேலை முடிந்து கிளம்புகிறவர் மற்றவர்களிடம் வழக்கமாகச் சொல்லும் வாசகமே ‘உங்களுக்கு முன்னால் போகும் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்ற பொருள் தருவது. இயந்திரத்தில் நூல் அறுந்தால் நிறுத்துவதற்குக் கயிறு இருந்தது. அவருக்குள் ஏதாவது அறுந்தால் இழுப்பதற்குக் கயிறு எதுவும் இல்லை.

இது என் ஒருவனுடைய உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்று யாரும் கருதிவிடக் கூடாது என்பதற்காக நீதிமன்றம் கண்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2002 பிப்ரவரியில், டொயோட்டாவின் ட்சுட்சுமி ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்த 30 வயது ஊழியர் விடியற்காலையில் வேலை இடத்திலேயே சரிந்து விழுந்து இறந்தார். தர வட்டம் எனப்படும் குழுக்களில் கூடி, மேம்பாட்டு யோசனைகள் எழுதித் தரும் பணிகள் அவர் தாமாகவே விரும்பிச் செய்தவை என்றும், அவற்றை வேலை நேரத்தில் சேர்க்க முடியாது என்றும் வாதிடப்பட்டது. அவர் மனைவி விடாமல் போராடினார். 2007 நவம்பரில் நகோயா மாவட்ட நீதிமன்றம், அந்தத் தர வட்ட நேரமும் நிறுவனத்தின் வேலை நேரமே என்று ஏற்று, இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அவர் 106 மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக உழைத்திருந்ததாகக் கணக்கிட்டு, பணியினால் நேர்ந்த இறப்பு என்று தீர்ப்பளித்தது. தர வட்டங்களுக்குச் செலவாகும் நேரத்துக்கு முழு ஊதியம் வழங்க டொயோட்டா முடிவெடுத்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். உலகம் முழுவதும் மேலாண்மை வகுப்புகளில் ‘தொழிலாளர்கள் தாமாக முன்வந்து தரும் யோசனைகள்’ என்று கொண்டாடப்பட்ட ஒன்றின் கணக்கில் ஒரு பகுதி இப்படி எழுதப்படாமலே கிடந்திருக்கிறது.

நேரந்தவறாமை பற்றியும் கட்டுரை நெகிழ்ந்து எழுதியிருந்தது. 1964-இல் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் அதிவேக ரயில்களில், தடம்புரளலாலோ மோதலாலோ ஒரு பயணிகூட இறந்ததில்லை என்பது மனித குலம் பெருமைப்படத்தக்க சாதனை. ஆனால் அதே நாட்டில் 2005 ஏப்ரல் 25 அன்று அமகசாகியில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பெருமை முழுமையாகாது. இதாமி நிலையத்தில் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி நிறுத்திவிட்டதால் அந்தப் புறநகர் ரயில் சுமார் ஒன்றரை நிமிடம் தாமதமாகியிருந்தது. 23 வயது ஓட்டுநர், எவ்வளவு தூரம் தாண்டினோம் என்பதைக் குறைத்துச் சொல்லும்படி நடத்துநரைக் கேட்டுக்கொண்டார். அடுத்து வந்த வளைவில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். வண்டி 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, தடம்புரண்டு, ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மீது மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தனர். 500-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். தாமதம் செய்யும் ஓட்டுநர்களுக்கு அந்த ரயில் நிறுவனத்தில் ‘நிக்கின் கியோயிகு’ என்ற பெயரில் ஒரு மறுபயிற்சி இருந்தது. அதில் ஓட்டும் திறன் கற்பிக்கப்பட்டதைவிட, நாள் கணக்கில் மன்னிப்பு அறிக்கை எழுத வைப்பதும் களை பிடுங்க வைப்பதும்தான் அதிகம் என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. இறந்த ஓட்டுநர் முந்தைய ஆண்டில் 13 நாட்கள் அந்தப் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டவர். தாம் தாண்டி நிறுத்தியதைப் பற்றி நடத்துநர் கம்பியில்லாத் தொடர்பில் கட்டுப்பாட்டு அறைக்கு என்ன சொல்கிறார் என்று கேட்பதிலும், மீண்டும் அந்தப் பயிற்சிக்கு அனுப்பப்படுவோமோ என்ற கவலையிலும் அவர் கவனம் சிதறியிருக்கலாம் என்பதை 2007-இல் வந்த விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. பிழையை ஒப்புக்கொள்பவருக்கு நன்றி சொல்லும் ஜப்பானும், ஒப்புக்கொள்பவரை அவமானப்படுத்தும் ஜப்பானும் ஒரே காலத்தில், ஒரே நாட்டில் இருந்தன. ஒன்றை மட்டும் காட்டுவது நியாயமாகாது.

டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டைஹாட்சு நிறுவனத்தில் 2023 இறுதியில் வெளிவந்த விவகாரம் என்னைப் போன்றவர்களுக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. கார்களின் பாதுகாப்புச் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு நடந்ததை வெளியாரைக் கொண்ட குழு கண்டறிந்தது. பாதிக்கப்பட்டவை 64 வகை வாகனங்கள். மிகப் பழைய முறைகேடு 1989-ஐச் சேர்ந்தது. உள்நாட்டு ஆலைகள் அனைத்திலும் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அளவுக்கு மீறி நெருக்கிப் போடப்பட்ட மேம்பாட்டுக் கால அட்டவணையையும், சிக்கலை மேலே சொன்னால் உதவி கிடைக்காது என்று ஊழியர்கள் எண்ணும்படி இருந்த சூழலையும் அக்குழு காரணங்களாகக் காட்டியது. பணத்தைச் சுருட்டுவதற்காக அந்த ஊழியர்கள் ஏமாற்றவில்லை. குறித்த நாளில் வண்டி வெளியே வந்தாக வேண்டும், அது முடியாது என்று சொல்லும் முதல் ஆளாக இருக்க யாருக்கும் துணிவில்லை. வரிசையை நிறுத்தும் கயிற்றுக்குப் பேர்போன குழுமத்தில், அட்டவணையை நிறுத்துவதற்கு ஒரு கயிறு இல்லாமல் போயிற்று. 2015-இல் வெடித்த தோஷிபா கணக்கு மோசடியிலும் இதே சாயலைப் பார்க்கலாம்: எட்ட முடியாத இலாப இலக்குகளை மேலிடம் ‘சவால்’ என்ற பெயரில் இறக்கியது, கீழே இருந்தவர்கள் எண்களைத் திருத்தி அதை நிறைவேற்றிக் காட்டினார்கள்.

அதிக உழைப்பினால் நேரும் இறப்பைக் குறிக்கும் ‘கரோஷி’ என்ற சொல்லை இன்று உலகமே அறியும். டென்சு விளம்பர நிறுவனத்தில் 1991-இல் 24 வயது இளைஞர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கில், 2000 மார்ச்சில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு என் பார்வையில் மிக முக்கியமானது. அவர் பொறுப்புணர்வு மிக்கவர், எதையும் குறையின்றிச் செய்ய முனைபவர், ஆகவே நேர்ந்ததில் அவருடைய குணத்துக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக் கீழ் நீதிமன்றம் இழப்பீட்டைக் குறைத்திருந்தது. அதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலை செய்பவர்களின் இயல்பு பலவகையாக இருக்கும், அந்த வேறுபாடுகளை அறிந்து வேலையைப் பகிர்ந்தளிப்பது நிறுவனத்தின் கடமை, இயல்பான எல்லைக்குள் இருக்கும் ஒரு குணத்தைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. கடமையுணர்வு ஒரு மனிதரின் நற்பண்பு, அதை முதலாளியின் தற்காப்பு வாதமாக ஆக்கக் கூடாது என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது. இருந்தும் 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 2015 டிசம்பரில், அதே நிறுவனத்தில், அதே 24 வயதில், ஒரு இளம்பெண் ஊழியர் அதே முடிவுக்குத் தள்ளப்பட்டார். அவர் ஒரு மாதத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக உழைத்திருந்ததைத் தொழிலாளர் நலத் துறை உறுதிசெய்தது. 2017-இல் அந்த நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 5,00,000 யென். ‘எடுத்த வேலையை விடாதே, கொல்லப்பட்டாலும் விடாதே’ என்ற பொருளில் 1951-இல் எழுதப்பட்ட ஒரு கட்டளை, அந்த இறப்பு வெளிச்சத்துக்கு வரும் வரை ஊழியர் கையேட்டில் அச்சாகிக்கொண்டிருந்தது.

கரோஷியைத் தடுப்பதற்கென்றே ஒரு சட்டம் 2014-இல் நிறைவேறியது என்பதையும், கூடுதல் நேர வேலைக்குத் தண்டனையுடன் கூடிய உச்சவரம்பு 2019 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி நடைமுறைக்கு வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு, தொழிற்சங்கமோ ஊழியர் பிரதிநிதியோ கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு சிறப்புப் பிரிவைச் சேர்த்துவிட்டால் வரம்பே இல்லை. இன்றைய பொது வரம்பு மாதத்துக்கு 45 மணி, ஆண்டுக்கு 360 மணி. ஆனால் வேலை குவியும் காலங்களில் ஒரு மாதத்துக்கு 100 மணிக்குச் சற்றுக் குறைவு வரை சட்டம் இடம் கொடுக்கிறது. இறப்பு பணியினால் நேர்ந்ததா என்று ஆராயும்போது அதிகாரிகள் அளவுகோலாக வைத்திருப்பதும் ஏறத்தாழ அதே 100 மணிதான். ஆபத்துக் கோட்டின் விளிம்பிலேயே அனுமதிக் கோட்டையும் வரைந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பணியினால் விளைந்த மனநலப் பாதிப்பு என்று அரசு ஏற்றுக்கொண்ட நிகழ்வுகள் 2024 நிதியாண்டில் முதன்முறையாக ஆயிரத்தைத் தாண்டி 1,055 ஆயின. அவற்றின் காரணங்களில் முதலிடம் வகிப்பது மேலதிகாரிகளின் துன்புறுத்தல். இவ்வளவு உழைத்தும், ஒரு மணி நேர உழைப்பில் விளையும் மதிப்பைக் கணக்கிட்டால் ஜி7 நாடுகளில் ஜப்பான் 1970 முதல் தொடர்ந்து கடைசி இடத்தில்தான் இருக்கிறது.

இனி கலைத்துறை. இதைப் பற்றித் தங்கள் கட்டுரை இரண்டே வரிகளில் சொல்லிச் சென்றது. எனக்கோ இங்கேதான் மனம் அதிகம் தவிக்கிறது. இசே திருத்தலத்தை 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் முற்றிலும் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. கல்லில் கட்டி என்றென்றைக்கும் நிற்க வைப்பதை விட்டு, மரத்தில் கட்டிக் கட்டி, கட்டும் கையை என்றென்றைக்கும் நிற்க வைத்திருக்கிறார்கள். இருபது வயதில் மரம் சுமந்தவர் நாற்பதில் இழைப்புளி பிடித்து, அறுபதில் அருகில் நின்று சொல்லித்தருகிறார். 1950-இன் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே, மட்பாண்டம், சாயமிடல், நெசவு, நாடகம் முதலிய கலைகளில் தேர்ந்தவர்களை ‘வாழும் தேசியச் செல்வங்கள்’ என்று மக்கள் அழைக்கும் நிலைக்கு உயர்த்தி, கலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக ஆண்டுக்கு 20 லட்சம் யென் வழங்குகிறார்கள். கலைஞரின் கையில்தான் கலை இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொண்ட நாடு அது.

அந்த நாட்டின் அனிமேஷன் தொழிலைப் பாருங்கள். 2023-இல் அதன் மொத்தச் சந்தை 3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வந்த வருமானம். முதன்மை ஓவியங்களுக்கு இடைப்பட்ட அசைவுகளை வரைபவர்களுக்கு நெடுங்காலமாக ஒரு தாளுக்குச் சுமார் 200 யென் கூலி. மாதத்துக்கு 500 தாள் வரைந்தால் ஒரு லட்சம் யென். தோக்கியோவில் வாடகை கொடுத்துவிட்டு அதில் மாதம் முழுவதும் வாழ வேண்டும். ஜப்பானின் அனிமேஷன் கலைஞர் சங்கம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இடைநிலை ஓவியர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென் என்று தெரியவந்தது. இதன் வித்து மிகப் பழையது. சித்திரக்கதைக் கலைஞர் ஒசாமு டெசுகா 1963-இல் அரை மணி நேர வாராந்திரத் தொலைக்காட்சி அனிமேஷன் தொடரை முதன்முதலில் கொண்டுவந்தபோது, ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கு அதை விற்றார். பொம்மைகள், படம் போட்ட பொருட்கள் ஆகியவற்றின் உரிமத் தொகையால் ஈடுகட்டலாம் என்பது அவர் கணக்கு. அசைவுகளைக் குறைத்து, வரைந்ததையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நுட்பம் அந்த நெருக்கடியில் வளர்ந்தது. அதிலிருந்து ஒரு தனி அழகியலே பிறந்தது. அவர் தொடங்கிய முஷி புரொடக்ஷன் நிறுவனமோ 1973-இல் திவாலானது. தாழ்ந்த விலை மட்டும் தொழிலில் தங்கிவிட்டது. இப்போது பெரும்பாலான தொடர்களுக்குத் தொலைக்காட்சி நிலையம், பதிப்பகம், பொம்மை நிறுவனம், இசை நிறுவனம் எனப் பலர் சேர்ந்த தயாரிப்புக் குழு பணம் போடுகிறது. உரிமை அந்தக் குழுவுக்கு. வரைந்து கொடுக்கும் ஸ்டுடியோவுக்குப் பேசிய கூலி. படம் உலகமெங்கும் வென்றாலும், வரைந்த விரலுக்கு அந்த வெற்றி வந்து சேருவதில்லை.

இந்த நிலைக்கு ஜப்பானியரே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘யாரிகை சக்குஷு’. கல்விச் சமூகவியலாளர் யூகி ஹோண்டா இச்சொல்லைப் பரவச் செய்தவர். செய்யும் வேலையில் ஒருவர் காணும் நிறைவையே ஊதியமாகக் காட்டி அவரைச் சுரண்டுவது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ‘உனக்குப் பிடித்ததைத்தானே செய்கிறாய்’ என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை பேருடைய இளமை கரைந்திருக்கிறது! ஓவியர் பெரும்பாலும் தனியாள் ஒப்பந்தக்காரர் என்பதால் தொழிலாளர் சட்டத்தின் நேர வரம்பு அவரை எட்டாது. வேலை விதிமுறைகளை எழுத்தில் தர வேண்டும், 60 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற அளவிலாவது தனியாள் பணியாளர்களைக் காக்கும் சட்டம் 2024 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதை நிரூபித்தவர்களும் ஜப்பானியரே. கியோத்தோவை அடுத்த ஊஜியில் உள்ள கியோத்தோ அனிமேஷன் நிறுவனம், அக்கம்பக்கத்து இல்லத்தரசிகள் சிலர் வண்ணம் தீட்டித் தருவதில் தொடங்கி வளர்ந்தது. ஓவியர்களைத் தாள் கணக்கில் வைக்காமல் மாத ஊதியத்தில் அமர்த்தி, தானே பயிற்சிப் பள்ளி நடத்தி, வரைவது முதல் முடிப்பது வரை ஒரே கூரையின் கீழ் செய்தது. அதன் படைப்புகளில் தெரியும் நுணுக்கம், ஆட்கள் நிலையாக இருந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதன் பலன் என்பதே துறையினர் பலரின் கருத்து. 2019 ஜூலை 18 அன்று கியோத்தோ நகரில் உள்ள அதன் ஸ்டுடியோ ஒன்றில் ஒருவன் வைத்த தீயில் 36 பேர் மாண்டபோது உலகமெங்கும் இளைஞர்கள் கதறியதை நான் மறக்கவில்லை. அந்த இழப்புக்குப் பிறகும் அந்த நிறுவனம் எழுந்து நின்று மீண்டும் படைப்புகளைத் தந்தது.

கண்டுபிடிப்பாளர்கள் கதையும் இதனோடு சேர்ந்ததே. இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை 1980-களில் உருவாக்கியவர் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுயோக்கா. அதன் மதிப்பை அவருடைய நிறுவனத்தைவிட வெளியார் முன்னதாகவே உணர்ந்தார்கள். 1994-இல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்ட அவர், தம் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கேட்டு 2004-இல் வழக்குத் தொடுத்தார். கோரியது 100 கோடி யென், 2006-இல் சமரசமாகக் கிடைத்தது 8.7 கோடி. பிரகாசமான நீல ஒளி டையோடை உருவாக்கிய ஷூஜி நகமுராவுக்கு நிச்சியா நிறுவனம் அளித்த ஊக்கத்தொகை 20,000 யென். இங்கேயும் நிறையையும் குறையையும் பிரிக்க முடியவில்லை. தோக்குஷிமாவின் அந்த நடுத்தர நிறுவனத்தின் நிறுவனர் பெருந்தொகை ஒதுக்கி, அமெரிக்காவுக்கும் அனுப்பி அவரை ஊக்கியிராவிட்டால் அந்த ஆய்வு தொடங்கியே இருக்காது. பின்னாளில் வந்த தலைமை ஆய்வை நிறுத்தச் சொன்னதாகவும், தாம் அதை மீறித் தொடர்ந்ததாகவும் நகமுரா பலமுறை கூறியிருக்கிறார். தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2004-இல் 2,000 கோடி யென் தரச் சொன்னது. 2005-இல் சமரசம் சுமார் 84 கோடி யென்னில் முடிந்தது. 2014-இல் நோபல் பரிசு வந்தபோது அவர் அமெரிக்கப் பேராசிரியர். 2015-இல் ஜப்பான் தன் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, விதிமுறைகளில் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால் ஊழியரின் கண்டுபிடிப்பு தொடக்கத்திலிருந்தே நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஆக்கியது. நியாயமான பலன் ஊழியருக்கு உண்டு என்ற வாசகம் அதில் இருந்தாலும், தீர்ப்புகள் காட்டிய திசைக்கு எதிர்த்திசையில் சட்டம் நகர்ந்ததாகவே எனக்குப் படுகிறது.

ஆசிரியர் அவர்களே, இவற்றையெல்லாம் எழுதுவது யாரும் ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று சொல்வதற்காக அன்று. எனக்கு வாய்த்ததைப் போன்ற ஆசான்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்க வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் ‘அங்கே எல்லோரும் கடிகாரம் பார்க்காமல் உழைக்கிறார்கள், நீயும் அப்படி இரு’ என்ற அறிவுரையுடன் மட்டும் ஒரு பிள்ளையை விமானம் ஏற்றிவிடுவது பெரும் தவறு. 1993 முதல் நடக்கும் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தில் வெளிநாட்டிலிருந்து சென்றவர்கள், எவ்வளவு கொடுமை நேர்ந்தாலும் வேலை இடத்தை மாற்றிக்கொள்வது பெரும்பாடாக இருந்தது. அதற்கு மாற்றான புதிய முறைக்கான சட்டம் 2024 ஜூனில் நிறைவேறியது. அது 2027-இல் நடைமுறைக்கு வரும்போது, ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நிபந்தனைகளுடன் இடம் மாற வழி உண்டு. இவ்வகைச் செய்திகள் மொழிப் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவதில்லை.

தங்கள் இதழ் இது குறித்து இன்னொரு கட்டுரை வெளியிடுமானால் சிலவற்றை அதில் அச்சிட வேண்டுகிறேன். ஊதியத்திலேயே குறிப்பிட்ட மணி நேரக் கூடுதல் வேலைக்கான தொகையையும் சேர்த்துக் காட்டும் ஒப்பந்தங்கள் அங்கே உண்டு. எத்தனை மணிக்கு அது ஈடு, அதைத் தாண்டினால் தனியாகத் தரப்படுமா என்று கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டும். கூடுதல் நேர ஒப்பந்தத்தை ஊழியர்கள் பார்க்கும்படி வைப்பது நிறுவனத்தின் கடமை. அதைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆறு மாதம் முறையாகப் பணியாற்றிய முழுநேர ஊழியருக்கு 10 நாள் ஊதிய விடுப்பு உண்டு. அதில் 5 நாட்களையாவது அவர் எடுக்கும்படி செய்வது 2019 முதல் நிறுவனத்தின் சட்டப் பொறுப்பு. நேர அட்டை என்ன சொன்னாலும், வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் ஒரு சிறு குறிப்பேட்டில் தம் கையால் நாள்தோறும் எழுதி வர வேண்டும். தொழிலாளர் தர மேற்பார்வை அலுவலகங்கள் அங்கே நாடு முழுவதும் இருக்கின்றன; அங்கே போய் முறையிடும்போது அந்தக் குறிப்பேடு சான்றாக உதவும். எனக்குப் பயிற்சியளித்த மூத்த தொழிலாளி ஓய்வுபெறும் நாளில் தம் அளவுமானியை எனக்குத் தந்தார்; அவரிடம் அப்படி ஒரு குறிப்பேடு இருந்ததே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்